நாவலின் முடிவு எங்கிருந்து தொடங்குகிறது

“எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசியில் கோட்டை விட்டுவிட்டார்” என்பது நாவல் படிப்பவர்களிடமிருந்து அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு. அப்படித் தீர்ப்பளிக்கப்பட்ட நாவல்கள் சிலவற்றை மறுபடி எடுத்துப் படிக்கும்போது, கோளாறு கடைசி அத்தியாயத்தில் இருப்பதாக எனக்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. அதற்கு நூறு பக்கங்களுக்கு முன்பே, கதை தன் நடையை மாற்றிக்கொண்ட ஏதோ ஓர் இடத்தில் அது தொடங்கிவிட்டிருக்கிறது. ஒருவர் கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேசலாமா வேண்டாமா என்று தயங்குவதற்கெல்லாம் முந்நூறு பக்கம் வரை தாராளமாக இடம் கொடுத்த ஆசிரியர், திடீரென்று ஒரே பத்தியில் இரண்டு மரணங்களையும் ஒரு திருமணத்தையும் நடத்தி முடித்துவிடுகிறார். யார் இறந்தார், யார் யாரை மணந்தார் என்பதில் வாசகருக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. இவ்வளவு தூரம் தன்னை ஒரு வேகத்துக்குப் பழக்கிவிட்டு, கடைசியில் அதைக் காற்றில் விட்டுவிட்டாரே என்பதுதான் அவருடைய குறை. அதை அவர் ‘முடிவு சரியில்லை’ என்று சொல்கிறார்.

நாவல் எழுதக் கற்றுக்கொடுக்கும் நூல்கள் தொடக்கத்தையும் நடையையும் முடிவையும் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. வாசிக்கிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே சங்கதிதான். முதல் பக்கங்கள் ஒரு நடையை அறிவிக்கின்றன, அடுத்து வருபவை நம்மை அதற்குப் பழக்குகின்றன, அந்தப் பழக்கம் கைகொடுக்கிறதா காலை வாருகிறதா என்பது கடைசியில் தெரியவருகிறது.

கதை நகரும் வேகத்தைச் சம்பவங்களின் எண்ணிக்கையை வைத்து அளப்பது பரவலான வழக்கம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் துரத்தலும் துப்பாக்கிச் சூடும் நிறைந்த நாவலில் கொட்டாவி வருவதும், நான்கு பேர் உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறெதுவும் நடக்காத அத்தியாயத்தைக் கீழே வைக்க முடியாமல் போவதும் எல்லா வாசகர்களுக்கும் நேர்ந்ததுதான். கதைக்குள் எவ்வளவு காலம் ஓடுகிறது, அதைச் சொல்ல எத்தனை பக்கங்கள் ஆகின்றன என்ற இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கவனித்தால் இந்தப் புதிர் ஓரளவு விலகும். ஜெர்மானிய ஆய்வாளர் குந்தர் முல்லர் 1940களில் இந்த இரண்டு காலங்களையும் பிரித்துக் காட்டினார். 1972இல் பிரெஞ்சு விமர்சகர் ழெரார் ழெனெத் அதை விரித்து நான்கு வேகங்களாக வகுத்தார்: நடப்பதும் சொல்வதும் ஏறத்தாழ ஒரே நேரம் எடுக்கும் காட்சி, மாதங்களைச் சில வரிகளில் அடக்கும் சுருக்கம், கதையின் காலம் நின்றுவிட வர்ணனை மட்டும் தொடரும் நிறுத்தம், ஆண்டுகளைச் சொல்லாமலே கடந்துவிடும் தாவல். எதற்குக் காட்சி கொடுப்பது, எதைச் சுருக்குவது, எதைத் தாண்டிப் போவது என்று ஆசிரியர் தேர்ந்தெடுப்பதை வைத்தே, இந்தக் கதையில் எது பெரிது, எது சிறிது என்பதை நாம் நம்மையறியாமல் தெரிந்துகொள்கிறோம்.

1927இல் வெளிவந்த வர்ஜீனியா வுல்ஃபின் ‘டு த லைட்ஹவுஸ்’ நாவலில் இதைக் கண்கூடாகக் காணலாம். அதன் முதல் பகுதியில் ஒரே நாளின் பிற்பகலும் மாலையும் மட்டும் கழிகின்றன. நாவலின் பாதிக்கும் மேற்பட்ட பக்கங்கள் அதற்கே போய்விடுகின்றன. அடுத்து வரும் மிகச் சிறிய நடுப்பகுதியில் பத்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. முதல் பகுதி முழுவதையும் தாங்கி நின்ற திருமதி ராம்சே இறந்துபோன செய்தி, ஆளில்லாத வீட்டுக்குள் காற்று நுழைவதையும் இருட்டு இறங்குவதையும் பற்றிய நீண்ட வர்ணனைகளுக்கு நடுவே, சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியமாக வருகிறது. அந்த வாக்கியத்தில்கூட நம் கண்ணுக்குத் தெரிபவர், இருண்ட காலைப்பொழுதில் தாழ்வாரத்தில் தடுமாறியபடி கைகளை நீட்டும் கணவர்தான். மனைவி முந்தைய இரவே இறந்துவிட்டதால் நீட்டிய கைகள் வெறுமையாகவே இருக்கின்றன. முதல் முறை படிப்பவர் அந்த இடத்தில் நின்று, சரியாகத்தான் படித்தோமா என்று மேலே ஒரு முறை கண்ணை ஓட்டிப் பார்ப்பார்.

நான் முதலில் சொன்ன அவசரக்கார ஆசிரியரும் மரணத்தை ஒரே வாக்கியத்தில்தான் முடிக்கிறார். வுல்ஃபும் அதையேதான் செய்கிறார். ஆனால் வுல்ஃபிடம் அது அவசரமாகப் படுவதில்லை. வீட்டுச் சுவருக்குப் பக்கங்களைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரிக்கு ஒரு வாக்கியம் மட்டும் கொடுப்பது, காலத்தின் கண்ணில் மனிதர்கள் எவ்வளவு சிறியவர்கள் என்பதைச் சொல்வதற்கான வழியாக அங்கே அமைகிறது. அதைவிட முக்கியமாக, அந்த ஒற்றை வாக்கியத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் மூன்றாம் பகுதி நிதானமாக, திருமதி ராம்சே இல்லாத ஒரே காலைப்பொழுதில், பக்கம் பக்கமாகத் திருப்பிக் கொடுக்கிறது. வேகம் கூடியதற்கு ஈடு பின்னால் கிடைக்கிறது. நாவலின் கடைசி ஐம்பது பக்கங்களில் வேகத்தைக் கூட்டுகிறவருக்கு அப்படி ஈடு செய்ய இடமே மிஞ்சுவதில்லை.

தொடக்கத்தைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை, முதல் வரியிலேயே வாசகரைச் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்கின்றன. உம்பெர்த்தோ எக்கோ இதற்கு நேர் எதிராக நின்றவர். 1980இல் வெளிவந்த ‘ரோஜாவின் பெயர்’ நாவலின் முதல் நூறு பக்கங்கள் கடினமாக இருப்பதால் அவற்றைச் சுருக்கலாம் என்று நண்பர்களும் பதிப்பகத்தாரும் யோசனை சொன்னதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் பின்னர் அந்த நாவலைப் பற்றி எழுதிய சிறு நூலில் அவர் குறிப்பிடுகிறார். கதை நடக்கும் மடாலயத்துக்குள் ஏழு நாட்கள் தங்க விரும்புகிறவர் அந்த மடாலயத்தின் வேகத்தை ஏற்றுக்கொண்டாக வேண்டும், முடியாதவர் எப்படியும் நாவலை முடிக்கப் போவதில்லை என்பது அவருடைய வாதம். இதில் கொஞ்சம் திமிர் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதே வாதத்தைச் சோம்பேறித்தனமான எந்தத் தொடக்கத்துக்கும் கேடயமாகப் பிடித்துவிடலாம். எக்கோ அதைச் சொல்லத் தகுதி பெறுவது, அந்த நூறு பக்கங்களில் அவர் எதையும் வீணாக வைக்கவில்லை என்பதால்தான். நூலகத்துக்குள் யாரும் நுழையக் கூடாது என்ற விதியும், சிரிப்பு துறவிக்குத் தகுமா தகாதா என்ற வாக்குவாதமும் முதல் நாளிலேயே வந்துவிடுகின்றன. நாவலை முடித்தவர்களுக்கு அந்த வாக்குவாதம் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும். முடிக்காதவர்களுக்காக இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மெதுவான தொடக்கத்தையும் வெட்டித் தொடக்கத்தையும் பிரித்தறிய நான் பயன்படுத்தும் சோதனை எளிமையானது. இருநூறாவது பக்கத்துக்கு வந்த பிறகு, முதல் இருபது பக்கங்களில் இருந்த எது எனக்கு இன்னும் தேவைப்படுகிறது என்று கேட்டுக்கொள்வேன். நான்கு தலைமுறை வம்சாவளி, ஊரின் அமைப்பு, நாயகன் படித்த பள்ளி ஆகியவற்றை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, பிறகு அவற்றில் எதையும் தொடாமலேயே போகும் நாவல்கள் ஏராளமாக உண்டு. அவற்றில் ஆசிரியர் தனக்காக எடுத்துவைத்த குறிப்புகளை நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வெளிவந்தது. 1960ஆம் ஆண்டு, ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், ஜே.ஜே. இறந்துபோனதை அறிவித்துக்கொண்டுதான் அந்த நாவலே தொடங்குகிறது. நாயகன் பிழைப்பானா என்று வாசகர் பதைப்பதற்கான வாய்ப்பை முதல் வாக்கியமே பறித்துவிடுகிறது. இனி இங்கே நிகழ்ச்சிகளைத் துரத்த வேண்டியதில்லை. இவன் யார், இவனை ஏன் ஒருவர் இவ்வளவு தேடுகிறார் என்பதுதான் கேள்வி. குறிப்புகளும் நாட்குறிப்பும் விவாதங்களுமாக விரியும் நாவலுக்கு எந்த வேகம் பொருந்துமோ, அந்த வேகத்துக்கு நம்மை ஆயத்தம் செய்ய ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கிறது. இதையே, இப்போதைய பரபரப்பு நாவல்கள் பலவற்றில் வரும் முன்கதை அத்தியாயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று பக்கம் ரத்தமும் அலறலும், பிறகு ‘ஆறு மாதங்களுக்கு முன்’ என்று ஒரு தலைப்பு, அதன் கீழே அலுவலகத்துக்குக் கிளம்பும் நாயகன். அங்கும் மரணம்தான் முதலில் வருகிறது. ஆனால் அந்த மூன்று பக்கங்களின் விறுவிறுப்பு பின்னாலுள்ள எண்பது பக்கங்களுக்குக் கடனாக வாங்கியது. சொந்த விறுவிறுப்பு இல்லாததால்தான் கடன் தேவைப்பட்டது என்ற சந்தேகம் எனக்கு உடனே வந்துவிடும்.

தொடர்கதையாக வந்த நாவல்களுக்கு நடை விஷயத்தில் தனிச் சிக்கல் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்தது. குதிரையில் ஏரிக்கரையோரம் நிதானமாக வரும் வந்தியத்தேவனோடு தொடங்கும் அந்த நாவலில், அத்தியாயத்துக்கு அத்தியாயம் கடைசி வரியில் ஒரு முடிச்சு விழும். ஏழு நாள் இடைவெளியில் படித்தவர்களுக்கு அந்த முடிச்சு வரம்; ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படிப்பவருக்கு, இன்னோர் உருவம் இருளிலிருந்து வெளிப்படும்போது லேசான புன்னகை வந்துவிடலாம். அதைக் குறையாக நான் சொல்லவில்லை. அந்த நடை எந்த வாசிப்புக்காக அமைந்ததோ, அந்த வாசிப்பை நாம் இன்று செய்வதில்லை, அவ்வளவுதான். கதை திடீரென்று முடிந்துவிட்டதாக அன்றைய வாசகர்கள் பலர் குறைப்பட்டுக்கொண்டதும், கல்கி அதற்காகவே ஒரு முடிவுரை எழுதி, முக்கியப் பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று விளக்கியதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. மூன்றரை ஆண்டுகள் வாரம் தவறாமல் கூடவே வந்தவர்கள் ஒரு வாரம் வராமல் போனால், ஆசிரியர் எவ்வளவு பக்குவமாக விடைகொடுத்திருந்தாலும் அது திடீரென்றுதான் தோன்றும்.

ஈ. எம். ஃபார்ஸ்டர், வுல்ஃபின் நாவல் வந்த அதே 1927இல் வெளியிட்ட தம் நாவல் கலை நூலில், ஏறக்குறைய எல்லா நாவல்களும் முடிவில் பலவீனமாகிவிடுகின்றன என்று சொல்கிறார். கதைப்பின்னல் தன்னை முடித்துவைக்கச் சொல்லி நச்சரிக்கிறது. அதனால் பாத்திரங்கள் உயிரை விட்டுவிட்டு வேலைக்காரர்களாகிவிடுகிறார்கள் என்பது அவருடைய கருத்தின் சாரம். பெரும்பாலும் உண்மைதான். அந்த நச்சரிப்புக்குச் செவிசாய்க்காத முடிவு ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’ 1875 முதல் ‘ருஸ்கி வேஸ்ட்னிக்’ இதழில் தொடராக வந்தது. ஏழாம் பகுதியின் கடைசியில் அன்னா ரயிலின் கீழ் விழுந்து இறந்துபோகிறாள். மிஞ்சியிருந்தது எட்டாம் பகுதி. அதில் செர்பியப் போருக்குப் போகும் ரஷ்யத் தன்னார்வலர்களைப் பற்றி டால்ஸ்டாய் எழுதியிருந்தவை இதழாசிரியர் கட்கோவுக்குப் பிடிக்கவில்லை. அவர் அந்தப் பகுதியை வெளியிட மறுத்து, நாயகியின் மரணத்தோடு நாவல் உண்மையில் முடிந்துவிட்டது என்றும், மீதியில் அன்னாவின் காதலன் விரான்ஸ்கி போருக்குப் போகிறான், மற்றவர்கள் நலமாக இருக்கிறார்கள், நாவலின் இன்னொரு முக்கியப் பாத்திரமான லெவின் கிராமத்தில் இருந்துகொண்டு தன்னார்வலர்கள் மீது கோபப்படுகிறான் என்றும் சில வரிக் குறிப்பொன்றை அச்சிட்டு முடித்துக்கொண்டார். டால்ஸ்டாய் 1877இல் எட்டாம் பகுதியைத் தனி நூலாகத் தாமே வெளியிட வேண்டியதாயிற்று.

கட்கோவின் குறிப்பில் தகவல் பிழை இல்லை. சுருக்கமாகச் சொன்னால் எட்டாம் பகுதியில் நடப்பது அவ்வளவுதான். ஆனால் அதை டால்ஸ்டாய் எந்த வேகத்தில் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அன்னா இறந்த பக்கத்தைத் திருப்பினால், ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன என்ற செய்தியோடு, லெவினின் அண்ணன் ஆறு ஆண்டுகள் உழைத்து எழுதிய ஒரு நூல் யாராலும் கண்டுகொள்ளப்படாமல் போன கதை வருகிறது. அன்னாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்போது பேசப் போகிறார்கள் என்று நாம் தவிக்கிறோம். அவர்களோ மதிப்புரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு ரயில் நிலைய மேடை ஒன்றில் விரான்ஸ்கி வருகிறான். அவனுக்குப் பல்வலி. வாயில் எச்சில் ஊறி, சரியாகப் பேசக்கூட முடியவில்லை. அப்போது தண்டவாளத்தின் மேல் உருண்டு வரும் சக்கரங்கள் அவன் கண்ணில் படுகின்றன. பல்வலி ஒரு கணம் அடியோடு மறந்துபோய், வேறொரு வலி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரயில்வே கொட்டகையில் மேசையின் மேல் கிடத்தப்பட்டிருந்த அவள் உடல் அவனுக்கு நினைவு வருகிறது.

அன்னா இறந்த மறுபக்கத்திலேயே இந்த நினைவைக் கொடுத்திருந்தால் அது வெறும் சோகக் காட்சியாக இருந்திருக்கும். நடுவில் அண்ணனின் தோற்றுப்போன நூலும், நிலையத்துக் கூட்டமும், வம்புப் பேச்சும் இருந்ததால்தான், ஒருவர் போன பிறகும் உலகம் தன் பாட்டில் நடந்துகொண்டிருக்கும் அநியாயத்தை நாமே அனுபவித்துவிட்டு விரான்ஸ்கியிடம் வந்து சேர்கிறோம். அவனுடைய வலிக்கு முன்னால் நம்முடைய பொறுமையின்மை வந்துவிடுகிறது. எண்ணூறு பக்கங்களாக, குதிரைப் பந்தயத்துக்கும் புல்லறுப்புக்கும் தேர்தலுக்கும் முழு நேரம் கொடுத்துப் பழக்கிய நாவல், மிகப் பெரிய நிகழ்வுக்குப் பிறகும் அதே நிதானத்தோடு தன் வழியில் போவதுதான் இங்கே முடிவின் பலம்.

முடிவு நெருங்குகிறது என்பதை வாசகருக்கு அறிவிப்பது கதை மட்டுமல்ல, கையில் இருக்கும் நூலும்தான். ஜேன் ஆஸ்டின் ‘நார்த்தாங்கர் அபி’யின் கடைசியில் இதைச் சொல்லிக் கேலி செய்கிறார்: மிச்சமிருக்கும் பக்கங்கள் மெலிந்திருப்பதைப் பார்த்தாலே, எல்லோரும் சேர்ந்து மகிழ்ச்சியை நோக்கி விரைந்துகொண்டிருக்கிறோம் என்பது வாசகர்களுக்குத் தெரிந்துவிடுமாம். மின்னூலில் பக்கங்களின் கனம் இல்லை. அதற்குப் பதில் மூலையில் ஒரு சதவீதக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு சில சமயம் மோசம் செய்துவிடும். 87 சதவீதம் என்று காட்டுகிறதே, இன்னும் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது என்று நம்பி அடுத்த பக்கத்துக்குப் போனால், நன்றியுரை வருகிறது. அதன் பிறகு அதே ஆசிரியரின் அடுத்த நாவலிலிருந்து இரண்டு அத்தியாயங்கள். கதை தன் வேகத்தில் சரியாகவே முடிந்திருந்தாலும், வாசகர் மனத்தில் அது பாதியில் அறுந்ததாகப் பதிந்துவிடுகிறது. பதிப்பகங்கள் இந்த மாதிரி அத்தியாயங்களைச் சேர்ப்பதை நிறுத்தினால் புண்ணியமாகப் போகும்.

முடிவைத் தெரிந்துகொண்டு படித்தால் சுவை கெட்டுவிடுமா என்ற பழைய சண்டையிலும் நடைக்குப் பங்கு உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக ஆய்வாளர்கள் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு முன்கூட்டியே சொல்லப்பட்ட கதைகளையே வாசகர்கள் மொத்தத்தில் சற்றுக் கூடுதலாக ரசித்தார்கள். அதற்கு மாறான முடிவுகளைத் தந்த ஆய்வுகளும் பின்னர் வந்தன. தவிரவும், முதல் ஆய்வில் பயன்படுத்தியவை சிறுகதைகள். ஆய்வுகளை விட்டுவிட்டு, கட்கோவின் குறிப்பையே எடுத்துக்கொள்ளலாம். அதைப் படித்துவிட்டு எட்டாம் பகுதிக்குப் போகும் ஒருவர் இழப்பது அனேகமாக ஒன்றுமில்லை. துப்பறியும் நாவலில் நிலைமை வேறு. அங்கே நடையே ஒரு தகவலை ஒளித்துவைப்பதற்காகத்தான் அமைகிறது.

ஒரே நாவலுக்கு இரண்டு முடிவுகள் கிடைத்திருக்கும் இடங்களில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். டிக்கன்ஸ் 1861இல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை முதலில் முடித்தபோது, நாயகன் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சிறிது நேரம் சந்தித்துப் பிரிந்துவிடுகிறார்கள். அவள் ஏற்கெனவே மறுமணம் செய்துகொண்டிருக்கிறாள். நண்பர் புல்வர் லிட்டனின் யோசனைப்படி அதை மாற்றி, இடிந்த வீட்டுத் தோட்டத்தில் இருவரும் கைகோத்து வெளியேறும்படி எழுதினார். எது சரி என்று இன்றும் விவாதம் நடக்கிறது. எனக்கு முதல் முடிவுதான் பிடிக்கும். ஆனால் எதைப் படித்தாலும் அந்த நாவலின் மேல் எனக்குள்ள மதிப்பு இம்மியும் கூடுவதில்லை, குறைவதில்லை. அதன் உண்மையான முடிவு, பிப் தனக்கு ரகசியமாகப் பண உதவி செய்துவந்தவர் யார் என்பதை அறிந்து, அந்த மனிதனை வெறுப்பதிலிருந்து படிப்படியாக நேசிப்பதற்கு நகரும் அத்தியாயங்களில் முன்பே நிதானமாக நடந்தேறிவிடுகிறது. பெருமாள்முருகன் ‘மாதொருபாகன்’ நாவலைக் கணவனின் நிலை என்னவாகும் என்று சொல்லாமல் நிறுத்திவிட்டு, பின்னர் 2014இல் அவன் இறந்துவிட்டதாக வைத்து ‘ஆலவாயன்’, உயிரோடிருப்பதாக வைத்து ‘அர்த்தநாரி’ என்று இரண்டு நாவல்களை எழுதினார். ஒரு முடிவுக்குள் இரண்டு முழு நாவல்களின் நீளம் அடங்கியிருந்தது என்றால், அதைக் கடைசிப் பத்தியில் திணிக்காமல் விட்டது எவ்வளவு சரி என்பதும் விளங்குகிறது.

மிச்சமிருப்பது ‘பத்து ஆண்டுகளுக்குப் பின்’ என்று தொடங்கும் இறுதி அத்தியாயம். குழந்தைகளின் பெயர்ப் பட்டியலாகச் சுருங்கிவிடும் அத்தகைய அத்தியாயங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் ஜார்ஜ் எலியட் 1871-72இல் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘மிடில்மார்ச்’ நாவலின் இறுதி அத்தியாயத்தை நான் விரும்பிப் படிப்பேன். அதில் பல பேருடைய பிற்கால வாழ்க்கை சில பக்கங்களில் சொல்லப்படுகிறது, சுருக்கம்தான், சந்தேகமில்லை. என்றாலும் ஃப்ரெட், பயிர்களையும் கால்நடைத் தீவனத்தையும் பற்றி ஒரு நூல் எழுதுகிறான். அதை அவன் மனைவி மேரிதான் எழுதியிருப்பாள் என்று ஊரார் முடிவு கட்டுகிறார்கள். மேரி சிறுவர்களுக்காகப் பழங்காலப் பெரியோர் கதைகளை எழுதி வெளியிடுகிறாள். பல்கலைக்கழகம் போய் வந்த ஃப்ரெட்தான் அதை எழுதியிருக்க முடியும் என்று அதே ஊரார் அடித்துச் சொல்கிறார்கள். எட்டு பகுதிகளாக நாம் கேட்டுப் பழகிய அந்த ஊரின் வம்பு, ஆசிரியர் கணக்கை முடித்துக்கொண்டிருக்கும்போதும் கொஞ்சமும் அவசரப்படாமல், தவறாகவே பேசிக்கொண்டு போகிறது.